செல்வத்துக்குப் பின்னும் தொடரும் ஊக்கம்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில்முனைவோர்

போதிய பொருள் ஈட்டிய பிறகும் ஒரு தொழில்முனைவோர் ஏன் ஓய்வதில்லை என்ற கேள்வியைப் பொருளியலாளரும் உளவியலாளரும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வருகின்றனர். தமிழ்நாட்டில் இதற்கு விடை தேட ஏற்ற இடங்களுள் ஒன்று திருப்பூர். பனியன் கம்பெனிகளில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள் பலர் ஒரே தலைமுறையில் ஏற்றுமதியாளர்களாக உயர்ந்த நகரம் இது. நகரை அடுத்த முதலிபாளையத்தில் உள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் 1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிஃப்ட்-டீ பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரி இயங்குகிறது. அதன் பெயரில் எந்த முதலாளியின் பெயரும் இல்லை. ஏற்றுமதியாளர் சங்கத்தின் பெயரே உள்ளது. ஈட்டிய செல்வம் அடுத்து எதை நாடியது என்பதற்கு இக்கல்லூரி ஒரு சான்று. அது எதைக் காணத் தவறியது என்பதற்கு நொய்யல் ஆறு சான்று.

பின்னலாடை நகரின் தோற்றம்

திருப்பூர் முதலில் பருத்திச் சந்தையாகவும் பஞ்சு அரைவை ஆலைகளுக்காகவும் அறியப்பட்டது. 1920களில் கொல்கத்தாவிலிருந்து கையால் சுற்றும் பின்னல் எந்திரங்கள் இங்கு வந்தன. 1925ஆம் ஆண்டில் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங் நிறுவனம் நகரின் முதல் பனியன் தொழிற்கூடமாகக் குறிப்பிடப்படுகிறது. 1956இல் தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமா உருவானது. அக்காலத்தில் தொழில் முழுக்க உள்நாட்டுச் சந்தையையே நம்பியிருந்தது.

1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளை டி-ஷர்ட்டுகளை வாங்கத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் பிற ஐரோப்பிய நிறுவனங்களும் வந்தன. 1985இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 1990இல் சுமார் 300 கோடி ரூபாயானது. 2024-25 நிதியாண்டில் அது 40,000 கோடி ரூபாய் அளவை எட்டியது.

உழைப்பு எனும் மூலதனம்

இந்த வளர்ச்சியை முன்னெடுத்தவர்களில் பெரும் பகுதியினர் கொங்கு நாட்டின் சிறு வேளாண் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கட்டிங், தையல், செக்கிங் என ஒவ்வொரு வேலையையும் கம்பெனியில் இருந்தபடியே கற்றனர். பின்னர் உறவினரோடும் உடன் வேலை செய்தவரோடும் பங்கு சேர்ந்து இரண்டு மூன்று எந்திரங்களுடன் சொந்தக் கடை திறந்தனர். 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் நடத்திய 127 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் வேலையைப் பிரித்து வெளியே கொடுப்பது அதிகரித்தது. நிட்டிங், சாயம், அச்சு, காஜா பட்டன் என ஒவ்வொன்றும் ஜாப் ஒர்க் ஆக மாறியது. புதிதாக நுழைவோருக்கு இது வழி திறந்தது.

மானுடப் புவியியலாளர் சரத் சாரி 2004இல் வெளியிட்ட 'ஃபிரட்டர்னல் கேப்பிடல்' என்ற நூல் இந்த எழுச்சியை ஆராய்கிறது. தம் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும்போது முதலாளிகள் 'உழைப்பு' என்ற சொல்லையே திரும்பத் திரும்பக் கையாண்டதை அவர் பதிவு செய்கிறார். நிலம், கல்வி, சாதி உறவு, கடன் வசதி ஆகியவை அளித்த துணையை இச்சொல் மறைத்துவிடுகிறது என்பதும் அவரது வாதம். பெண்களும் தலித்துகளும் அதே அளவு உழைத்தும் முதலாளியாக உயர்வது அரிதாகவே இருந்தது.

எனினும் ஊக்கத்தைப் புரிந்துகொள்ள இச்சொல் உதவுகிறது. தம்மைப் பணக்காரராக அன்றி உழைப்பாளியாகக் கருதும் ஒருவருக்கு வேலையை நிறுத்துவது தம் அடையாளத்தை இழப்பதாகும். செல்வம் சேர்ந்த பிறகும் காலையில் கம்பெனிக்கு வந்து துணியைத் தொட்டுப் பார்க்கும் முதலாளியின் பழக்கத்தை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம்.

அறிஞர் கூறும் காரணங்கள்

ஆஸ்திரியப் பொருளியலாளர் ஜோசப் சும்பீட்டர் 1911இல் வெளியிட்ட பொருளாதார வளர்ச்சி பற்றிய நூலில், தொழில்முனைவோரை இயக்கும் மூன்று விசைகளைக் குறிப்பிட்டார். தமக்கென ஓர் அரசையும் மரபையும் நிறுவும் கனவு, போட்டியில் வெல்லும் விருப்பம், புதியதைப் படைக்கும் மகிழ்ச்சி ஆகியவையே அவை. நுகர்வதற்காகப் பணம் சேர்ப்பது மட்டுமே நோக்கமென்றால், தேவை நிறைவேறியதும் அவர்கள் நின்றிருக்க வேண்டும் என்பது அவரது தருக்கம்.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லேலண்ட் 1961இல் வெளியிட்ட நூலில் சாதனை வேட்கை என்ற கருத்தை விரிவாக முன்வைத்தார். அவ்வேட்கை மிகுந்தவர்களுக்குப் பணம் என்பது தேர்வில் பெறும் மதிப்பெண் போன்றது. தாம் எவ்வளவு நன்றாகச் செய்கிறோம் என்பதை அது காட்டுகிறது. இக்கருத்தைச் சோதிக்க அவர் 1960களில் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் சிறு வணிகர்களுக்குப் பயிற்சி அளித்தார். பயிற்சி பெற்றவர்கள் பிறரைவிடக் கூடுதலாகப் புதிய முயற்சிகளில் இறங்கியதாக அவரது குழு பதிவு செய்தது.

திருப்பூரைப் பற்றிய ஆய்வு ஒன்று இதற்கு வேறொரு கோணத்தைத் தருகிறது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட கட்டுரையில், உள்ளூர்ச் சமூகத்தினர் நடத்திய நிறுவனங்களையும் வெளியூரார் நடத்திய நிறுவனங்களையும் ஒப்பிட்டனர். உறவு வட்டத்தில் எளிதாக மூலதனம் கிடைத்த உள்ளூரார் எந்திரங்களிலும் கட்டடங்களிலும் அதிகம் முதலிட்டனர். வெளியூரார் சிறிதாகத் தொடங்கினாலும் வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் அவர்களை முந்தினர். கையில் பணம் இருப்பதும் வளரும் முனைப்பு இருப்பதும் வெவ்வேறு என்பதை இந்த ஒப்பீட்டிலிருந்து உணரலாம்.

ஓய்வெடுக்க விடாத சந்தை

ஊக்கம் முழுவதும் மனத்திலிருந்தே பிறக்கிறது என்றும் சொல்ல முடியாது. பின்னலாடைத் தொழிலில் நேற்றைய வெற்றி நாளைக்கு உறுதி தராது. ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய ஆர்டர் வேண்டும். குறித்த நாளில் சரக்கு கப்பல் ஏறாவிட்டால் விலையில் கழிவு தர நேரிடும்; சில வேளை விமானத்தில் அனுப்பும் செலவும் ஏற்றுமதியாளர் தலையில் விழும்.

2005 ஜனவரி 1 அன்று உலக ஆடை வணிகத்தில் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தபோது சீனாவுடனும் வங்கதேசத்துடனும் நேரடிப் போட்டி தொடங்கியது. 2016இன் பணமதிப்பு நீக்கம், 2017இன் சரக்கு மற்றும் சேவை வரி, 2020இன் பொது முடக்கம், 2022இன் நூல் விலை உயர்வு என அடுத்தடுத்து நெருக்கடிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது அந்நாட்டை நம்பியிருந்த நிறுவனங்கள் ஆர்டர்களை இழந்தன. இத்தகைய தொழிலில் வெற்றி பெற்றவரைத் தொடர்ந்து ஓட வைப்பதில் ஆசைக்கு உள்ள பங்கு சறுக்கிவிடுவோம் என்ற அச்சத்துக்கும் உண்டு.

சங்கமும் முதலிபாளையம் கல்லூரியும்

கொங்குப் பகுதியில் தொழிற்செல்வம் கல்விக்குச் செல்வது புதிதன்று. கோவையில் பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாம் பங்கை அறத்துக்கு ஒதுக்கினர். 1926இல் இவ்வாறு தோன்றிய பூ. சா. கோ. அறநிலையம் பின்னர் பல கல்லூரிகளை நிறுவியது. அது ஒரு குடும்பத்தின் கொடை. திருப்பூரில் அதே பணியைச் செய்யப் போட்டியாளர்கள் ஒன்றுகூட வேண்டியிருந்தது.

1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. பாப்பீஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. சக்திவேல் அதன் நிறுவனத் தலைவர். 2009இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஒரே வாங்குநரின் ஆர்டருக்காகப் பகலில் ஒருவரோடொருவர் விலைப் போட்டியில் இறங்குபவர்கள், மாலையில் ஒரே மேசையில் அமர்ந்து பொதுத் தேவைகளைப் பேசும் அமைப்பாக இச்சங்கம் வளர்ந்தது. வெளிநாட்டு வாங்குநரைத் திருப்பூருக்கே வரவழைக்கும் இந்தியா நிட் ஃபேர் கண்காட்சி, நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா ஆகியவை அவ்வழியில் தோன்றியவை.

முதலிபாளையம் கல்லூரிக்கும் இதுவே பின்னணி. 1990களில் நகரில் எந்திரம் ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தனர். வடிவமைப்பு, தரக்கட்டுப்பாடு, வாங்குநரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசிங் ஆகியவற்றில் முறையாகப் பயின்றவர்கள் குறைவு. தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் அமைப்பின் ஒத்துழைப்புடன் சங்கம் இக்கல்லூரியைத் தொடங்கியது. பாரதியார் பல்கலைக்கழகத்துடன் இணைந்த பட்டப்படிப்புகள் இங்கு நடைபெறுகின்றன.

இங்குப் பயின்ற மாணவர் எந்த நிறுவனத்திலும் சேரலாம். கொடை அளித்தவரின் போட்டியாளரிடமும் வேலைக்குச் செல்லலாம். ஆகவே உடனடி இலாபக் கணக்கு மட்டும் இம்முயற்சியை விளக்காது. ஊரின் பெயர் உயர்ந்தால் தம் பெயரும் உயரும் என்ற எண்ணம், சக முதலாளிகளிடையே பெறும் மதிப்பு, தாம் அனுபவத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றதை அடுத்த தலைமுறை முறையாகக் கற்க வேண்டும் என்ற விருப்பம் ஆகியவற்றையும் சேர்த்தே கருத வேண்டும்.

தண்ணீர்த் திட்டம்

சாயமிடவும் சலவை செய்யவும் பெருமளவு தண்ணீர் தேவை. நகரில் நிலத்தடி நீர் கெட்டதும் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் வாங்கப்பட்டது. 1995இல் தமிழ்நாடு அரசும் ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனமும் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் பங்கேற்க, புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம் உருவானது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீரைக் குழாய் வழியே கொண்டுவரும் இத்திட்டம் 2000களின் நடுவில் செயல்பாட்டுக்கு வந்தது. தொழிற்கூடங்களோடு நகரத்துக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் நீர் வழங்குவது அதன் நோக்கம். இந்தியாவில் அரசும் தனியாரும் இணைந்து நிறைவேற்றிய முன்னோடி நீர்த் திட்டங்களுள் இதுவும் ஒன்று.

நொய்யல் கற்பித்த பாடம்

தண்ணீர் வரும் வழிக்குக் காட்டிய அக்கறை, அது வெளியேறும் வழிக்குக் காட்டப்படவில்லை. சாயப்பட்டறைகளின் உப்பும் சாயமும் கலந்த கழிவுநீர் நொய்யலில் விடப்பட்டது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவு தேங்கியது. கீழ்ப்பகுதியில் கிணறுகளும் வயல்களும் பாழாயின. அணையில் நீரைத் தேக்க வேண்டாம் என உழவர்களே கேட்கும் நிலை வந்தது.

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரைச் சிறிதும் ஆற்றில் விடாத முறைக்கு மாற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆணை முழுமையாக நிறைவேறாததால், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர்.

அதன்பின் அரசின் வட்டியில்லாக் கடன் உதவியுடன் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன. சவ்வூடு வடிகட்டல், ஆவியாக்கல் முறைகளால் நீரின் பெரும்பகுதியும் உப்பும் மீட்கப்பட்டு மீண்டும் சாயத் தொட்டிக்கே திரும்புகின்றன. இன்று வெளிநாட்டு வாங்குநரிடம் திருப்பூர் பெருமையுடன் முன்வைக்கும் தொழில்நுட்பம் இதுவே. 2015இல் தொழில்முனைவோர் முன்னெடுத்த 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டம் பல லட்சம் மரக்கன்றுகளை நட்டுள்ளது. ஆனால் ஆற்றைப் பற்றிய மாற்றம் தானாக எழுந்த ஊக்கத்தால் வரவில்லை. பாதிக்கப்பட்ட உழவர்களின் வழக்கால் வந்தது.

தொழிலாளர் பக்கம்

தொழிலாளர் நலனிலும் இதே இரட்டை நிலை உண்டு. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, ஒப்பந்தக் காலம் முடிந்த பின் மொத்தத் தொகை தருவதாகக் கூறும் 'சுமங்கலி' முறை கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது. நெதர்லாந்தின் சோமோ ஆய்வமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கை உலக நிறுவனங்களின் கவனத்தை இதன்பால் திருப்பியது. மறுபுறம், கே.பி.ஆர். போன்ற ஆலைகள் பெண் தொழிலாளர்கள் வேலை நேரத்துக்குப் பின் பள்ளிப் படிப்பையும் பட்டப்படிப்பையும் முடிக்க வசதி செய்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் அவ்வாறு படித்து வெளியேறினர். தாமும் ஒரு காலத்தில் தொழிலாளியாக இருந்தோம் என்ற நினைவு முதலாளியைத் தொழிலாளியோடு நெருங்கவும் வைக்கலாம். நான் உழைத்து உயர்ந்தேன், அவரும் உயரட்டும் என்று கைவிடவும் வைக்கலாம்.

பெயரும் வாரிசும்

ஏற்றுமதி ஆடையின் கழுத்துப் பட்டையில் வாங்குநரின் பெயரே இருக்கும். தைத்தவரின் பெயர் இராது. கோடிக்கணக்கில் விற்ற பிறகும் தீராத இக்குறை சிலரைச் சொந்த முத்திரைப் பெயர்களை உருவாக்கத் தூண்டியது. ஏற்றுமதி அலையில் சேராமல் 1983இல் திருப்பூரில் கே. ஆர். நாகராஜன் தொடங்கிய ராம்ராஜ் காட்டன், வேட்டிக்கு மீண்டும் மதிப்புத் தேடுவதையே தன் அடையாளமாக்கியது.

இரண்டாம் தலைமுறையின் சிக்கல் வேறு. அவர்கள் பணத்துடனேயே தொழிலுக்குள் நுழைகிறார்கள். வறுமையிலிருந்து மீளும் தேவை தந்தையரை இயக்கியது போல அவர்களை இயக்க முடியாது. செயற்கை இழை ஆடைகள், மறுசுழற்சித் துணி, சூரிய மின்சாரம், சொந்தப் பெயரில் விற்பனை எனப் புதிய இலக்குகளில் அவர்கள் தம் ஊக்கத்தைத் தேடுகின்றனர்.

தொகுப்புரை

திருப்பூரின் வரலாற்றில் செல்வத்துக்குப் பிந்தைய ஊக்கம் ஒரே ஊற்றிலிருந்து வரவில்லை. உழைப்பாளி என்ற அடையாளம், போட்டியில் தம்மை அளக்கும் வேட்கை, சந்தை தரும் அச்சம், பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை ஆகிய அனைத்தும் அதில் கலந்துள்ளன. இவை தனி நிறுவனத்துக்குள் நின்றபோது நிறுவனங்கள் பெருத்தன. தனி ஒருவரால் முடியாத கல்லூரி, கண்காட்சி, குடிநீர் போன்றவற்றின் பக்கம் திரும்பியபோது ஊர் வளர்ந்தது. எவருடைய கணக்கிலும் சேராத ஆற்றுக்கும் கீழ்ப்பகுதி உழவருக்கும் அந்த அக்கறை தானாகச் சென்று சேரவில்லை. அங்கு நீதிமன்றம் வழிகாட்ட வேண்டியிருந்தது. வெற்றி பெற்றவர் அடுத்து எதைத் தம் பொறுப்பாகக் கருதுகிறார் என்பதைப் பொறுத்தே அவரது ஊக்கம் ஊருக்குப் பயன் தருகிறது என்பதை முதலிபாளையம் கல்லூரியும் ஒரத்துப்பாளையம் அணையும் சேர்ந்து உணர்த்துகின்றன.