நாணும் வெட்கமும்

நாணம், வெட்கம், கூச்சம், சங்கடம் என்பவற்றை ஒருபொருட் சொற்களாகவே வழங்குகின்றோம். அவற்றின் பிறப்பினை ஆராயின் வேறுபாடு புலனாம்.

கூச்சம், கூசு என்னும் வினையடியாகப் பிறந்தது. மிக்க ஒளியாற் கண் கூசுதலும் புளிப்பாற் பல் கூசுதலும் போல, உடம்பின் ஒடுக்கத்தையும் அச்சொல் உணர்த்தும். வெட்கம், வெள்கு என்னும் பழவினை வெட்கு எனத் திரிந்து, அதனின்றும் வந்தது. சங்கடம் வடசொல், இடுக்கான இடம் என்பது அதன் பொருள். இரண்டு கடமைகளுக்கிடையே அகப்பட்டு வழிகாணாது நிற்றலே தருமசங்கடம். நாண் என்பதோ மலையாளத்தும் கன்னடத்தும் வழங்கும் பழஞ்சொல். திருவள்ளுவனார் 102-ஆம் அதிகாரமாக நாணுடைமை வகுத்து, தகாத செயல்பற்றி வரும் நாணினை மகளிர்க்குரிய நாணினின்றும் பிரித்துக் காட்டினார். ஆகவே பிறர் காணுதல் பற்றி மட்டும் வருவது நாணன்று. காண்பாரில்வழியும் தீயது செய்ய உள்ளம் ஒடுங்குதலே நாணாம்.

இவ்வுண்மைக்குத் தொண்டைநாட்டிலேயே சான்றுண்டு. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், பூனையொன்று முன்கால்களைத் தலைமேல் உயர்த்தித் தவவேடம் பூண்டு நிற்க, எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. காண்பார் முன் கோலம் உண்டு. அகத்தே நாண் இல்லை.

இதற்கு மறுதலையாயினார், முன்னாட் செங்கற்பட்டு ஜில்லாவைச் சார்ந்திருந்த திருநின்றவூரிற் பூசலார் நாயனார். ஆலயம் எடுக்க விரும்பி எங்கும் தேடியும் அவர்க்குப் பொருள் கிடைத்திலது. வறுமை உலகினர்முன் வெட்கத்திற்கு இடனாவது. அவரோ வருந்தினும் வாளாவிராது, நெஞ்சகத்தே கோயில் சமைத்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன், இறைவன் கனவில் உரைத்தவாறு நின்றவூர் புகுந்து, 'பூசலார் அமைத்த கோயில் யாது?' என்று வினவினான். அவ்வூரார் அத்தகைய கோயில் இல்லை என்றனர். அம்மன்னனை இராசசிம்ம பல்லவன் என்பர் சரித்திர ஆராய்ச்சியாளர்; மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலிலும் இராசசிம்ம பல்லவேச்சுரம் என அவன் பெயர் நிலவுகின்றது. இத்துணைப் பெரும்பணி செய்தான், கல்லொன்றும் அடுக்காத ஓர் அடியார்முன் தன் பணி பின்னிடக் கண்டான். வெட்கிச் சினந்து மீளுதற்கு இடமிருந்தும் மீண்டிலன். அதிசயித்து நிலமிசை வீழ்ந்து வணங்கினான் என்கின்றார், குன்றத்தூரிற் றோன்றிய சேக்கிழார்.

வெட்கம் பிறர் கண்ணுக்கு அஞ்சுவது; நாண் உள்ளத்துறையும் இறைவன் காண்டலை அறிவது. புறத்தே கோயில் எடுப்பார்க்கும் எடுக்க மாட்டாதார்க்கும் வேண்டப்படுவது பின்னதேயாம் என்க.