சீறாவின் ஓசை

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் நிலத்தில் அமைந்த எட்டயபுரத்தைப் பாரதி பிறந்த ஊராக நாடறியும். அமுதகவி உமறுப் புலவர் அரசவைப் புலவராய் விளங்கி, அடங்கியிருக்கும் ஊரும் அதுவே. அவர் இயற்றிய சீறாப்புராணம் 3 காண்டங்களும் 92 படலங்களும் 5027 விருத்தங்களும் கொண்டது. அதன் ஓசையமைப்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அரபுக் கவிதையில் இயைபு அடியின் ஈற்றில் நிலைகொள்ளும். இமாம் பூஸிரி (ரஹ்) அவர்களின் புர்தா ஷரீபில் பைத்துதோறும் ‘மீம்’ இறுதியில் ஒலிக்கக் கேட்கிறோம். இதனைக் காஃபியா என்பர். தமிழ் விருத்தத்திலோ நயம் அடியின் தொடக்கத்தில் பிறக்கும். நான்கடிகளிலும் இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை. சீர்களின் முதலெழுத்து ஒன்றுவது மோனை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடப் புகுந்த உமறு, அரபின் காஃபியாவை இரவல் வாங்கவில்லை. கம்பர் கையாண்ட விருத்தத்தையே மேற்கொண்டார்.

அங்ஙனமாயின் அரபுப் பெயர்கள் தமிழ் யாப்பில் இடறாவோ? அலகிட்டுப் பார்ப்போம். ‘முகம்மது’ என்பது முகம், மது என இரு நிரையசையாய்ப் பிரிந்து கருவிளச் சீராகும். ‘மக்கா’ தேமா, ‘மதீனா’, ‘கதீஜா’ இரண்டும் புளிமா. ரகரம் தமிழில் மொழிமுதலாகாது. எனவே ‘ரசூல்’ என்னும் சொல் முன்னே இகரம் பெற்று ‘இறசூல்’ ஆயிற்று. அதுவும் புளிமாவே. பிறமொழிச் சொற்களை ஏற்க நம் இலக்கணம் முன்பே வகுத்த வழி இது.

அரபுச் சொல் தமிழைக் கெடுக்கும் என்பாருக்கும், தமிழ் யாப்பு தீனுக்கு ஒவ்வாது என்பாருக்கும் இந்த அலகீடே விடையாகும். உமறு இரண்டையும் ஒட்டவைக்கவில்லை. ஒரே மூச்சில் இசைத்துவிட்டார்.

1842இல் அச்சேறும்வரை சீறா ஏட்டிலும் நாவிலும் செவியிலுமே வாழ்ந்தது. அச்சில் சந்தி பிரியாத அடிகளைக் கண்டதும் இன்றைய பிள்ளைகள் மலைத்து நூலை மூடிவிடுகின்றனர். கண்ணுக்குக் கடினமாய்த் தோன்றும் அதே அடி, சீர் பிரித்து ஓதினால் காதில் எளிதாய் இறங்கும். குர்ஆனை உஸ்தாதின் வாய்கேட்டு ஓதப் பழகியவர்கள் அன்றோ நாம்? ஆகவே மஃரிபுக்குப் பின் இல்லத்தில் நாளொரு விருத்தமேனும் பெரியோர் உரக்க ஓத, சிறுவர் கேட்கட்டும். பொருள் விளங்குமுன் ஓசை பதியும். பதிந்த ஓசை பொருளைத் தேடச் செய்யும். ஓதுவார் இன்றேல் சீறா அலமாரியில் இருக்கும், நம்மிடம் இராது.