ஆச்சியின் பேச்சும் அச்சேறிய வரலாறும்

1891ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தின் இலக்கிய வரலாற்றில் ஒரு விந்தையான ஆண்டாகும். அவ்வாண்டில் இந்நகரோடு தொடர்புடைய இருவர் இரு நூல்களை வெளியிட்டனர். ஒன்று, மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை இயற்றிய 'மனோன்மணீயம்' நாடகம். மற்றொன்று, அதே கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற சி.வி. ராமன் பிள்ளை எழுதிய 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாள நாவல்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேற்றுமை பளிச்செனத் தெரியும். மனோன்மணீயத்தில் நாஞ்சில் நாட்டைப் பற்றிய வழக்கே சேரனுக்கும் பாண்டியனுக்கும் இடையே போர் மூளக் காரணமாகிறது. ஆயினும் அந்நாஞ்சில் நாட்டார் பேசும் பேச்சு அதில் இல்லை. அரசனும் அமைச்சனும் தோழியும் சேவகனும் பெரும்பாலும் ஆசிரியப்பாவிலேயே உரையாடுகின்றனர். சி.வி.யின் நாவலிலோ ஒவ்வொருவரும் தத்தம் குலத்துக்கும் ஊருக்கும் ஏற்ற வாய்மொழி பேசுகின்றனர். அதில் வரும் சுந்தரய்யனின் பேச்சில் தமிழ் மணம் வீசும். திருவனந்தபுரத்துத் தமிழ் கலந்த பேச்சு முதலில் நாவலில் ஏறியது ஒரு மலையாள நூலின் வழியாக என்பதை நாம் மறத்தற்கில்லை.

இதனால் பேராசிரியர் பெருமை குன்றாது. தமிழில் நாடக நூல் அருகியிருந்த காலத்தில், ஆங்கில நாடகக் கவிகளுக்கு நிகராக ஒன்று படைக்க அவர் முயன்றார். அந்நோக்கத்திற்குச் செய்யுளே தக்கது. ஆனால் கதை மாந்தர் நம்மைப் போலவே பேசவேண்டும் என்ற வேட்கை உரைநடைக்கே உரியது. 1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் அவ்வேட்கை முழுமையாக நிறைவேறவில்லை. 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் வத்தலக்குண்டு ராஜமையர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திர'த்தில்தான் வீட்டுக்கூடத்துப் பேச்சு உயிரோடு ஒலித்தது. பின்னர்ப் புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சுக்குக் கதையில் இடம் தேடித் தந்தார். அப்பெருமகனார் 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் காலமானது நம் திருவனந்தபுரத்தில்தான்.

நம்மவர் பேச்சுக்கு நல்ல காலம் பிறந்தது 1960களில். 1964இல் ஹெப்சிபா ஜேசுதாசன் அம்மையாரின் 'புத்தம் வீடு' வெளிவந்தது. பனையேறிகளின் வாழ்வைக் கூறும் அந்நாவலில், ஆசிரியை கதை சொல்லும்போது பொதுத்தமிழும், லிஸியும் மற்றையோரும் பேசும்போது தென்திருவிதாங்கூர்த் தமிழும் வருகின்றன. அவ்வம்மையார் திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். 1968இல் இந்நகரில் பிறந்த பொறியியலாளர் நீல. பத்மநாபன் 'தலைமுறைகள்' நாவலை வெளியிட்டார். இரணியல் செட்டிமார் குடும்பம் ஒன்றின் கதை அது. அதில் உண்ணாமலை ஆச்சி வாய் திறந்தால் நம் வீட்டுத் திண்ணையில் யாரோ அமர்ந்து பேசுவது போலிருக்கும்.

இரணியல் அடங்கிய கல்குளம் முதலிய நான்கு தாலுக்காக்கள் 1956 நவம்பர் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நாம் இப்பால் நின்றோம். 1979இல் திறக்கப்பட்ட நாகர்கோவில் ரயில் பாதையில் பாறசாலையைக் கடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். ஆனால் வண்டியில் அமர்ந்து செவி சாய்ப்பவர் எவரும் பேச்சு எந்த நிலையத்தில் மாறியது என்று சொல்லமுடியாது.

இப்பேச்சைத் தாளில் வடிப்பது எளிதன்று. 'பஸ் வந்துட்டு' என்று நம் ஆச்சி சொன்னால் பஸ் வந்துவிட்டது என்பது பொருள். சென்னைக்காரர் படித்தாலோ, வந்துவிட்டுப் பிறகு என்ன செய்தது என்று கேட்பார். 'மக்களே, வெள்ளம் வேணுமா?' என்றால் அழைக்கப்படுவது கூட்டமும் அன்று, கொடுக்கப்படுவது பெருக்கெடுத்த ஆறும் அன்று. ஒரு குழந்தைக்குக் குடிநீர், அவ்வளவே! எனவே ஆசிரியர் அச்சொல்லின் பக்கத்தில் ஒரு குவளையையோ ஒரு தாகத்தையோ வைத்துவிடவேண்டும். அடிக்குறிப்புப் போட்டால் பேச்சு நின்றுவிடும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. காதில் விழுந்ததையெல்லாம் எழுதினால் அது பேச்சாகாது. நம்மில் பலர் மூச்சுக்கு மூன்று தரம் 'கேட்டியா' என்போம். கதையில் பக்கத்துக்கு ஒன்று போதும். மூன்று வந்தால் படிப்பவர் ஆளை விட்டுச் சொல்லையே எண்ணத் தொடங்குவார். மேலும் ஒரே ஆள் எல்லோரிடமும் ஒரே விதமாகப் பேசுவதில்லை. டிக்கெட் சாளரத்தின் இப்பால் நெடுங்காலம் அமர்ந்த நாம் இதை நாள்தோறும் காண்கிறோம். வரிசையில் முந்துபவரை மலையாளத்தில் அதட்டுகிறார். உடனே திரும்பி மனைவியிடம் தமிழில் சில்லறை கேட்கிறார். நம்மிடம் ஆங்கிலச் சொற்களை அடுக்குகிறார். மூன்றும் அவர்தாம்.

அமெரிக்க நாட்டு மார்க் ட்வெயின் தம் 'ஹக்கிள்பரி ஃபின்' நாவலின் தொடக்கத்தில், இந்நூலில் பல வட்டார வழக்குகள் வருகின்றன என்று குறிப்பெழுதினார். குறிப்பு இல்லையேல், எல்லோரும் ஒன்றுபோலப் பேச முயன்று தோற்றார்கள் என்று வாசகர் கருதிவிடுவாராம்! நம் நகரத்து எழுத்தாளர்க்கோ இன்னும் பெரிய சிக்கல். தமிழ் நாவலில் மலையாளி எம்மொழி பேசுவது? 1970இல் நீல. பத்மநாபன் எழுதிய 'பள்ளிகொண்டபுரம்' நாவலின் நாயகர் அனந்தன் நாயர். சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தியவரும் 2021இல் மறைந்தவருமான ஆ. மாதவன் தம் கதைகளில் சுமைகூலிகளையும் வியாபாரிகளையும் கலப்பு மொழியிலேயே பேசவிட்டார். கடையில் அமர்ந்து நாளெல்லாம் கேட்ட செவி பொய் சொல்லுமோ?

இவற்றை இம்மலரில் எழுதக் காரணம் உண்டு. விடுமுறைக்கு மதுரைக்கும் தஞ்சைக்கும் செல்லும் நம் காலனிக் குழந்தைகள், அங்குள்ள உறவினர் நகைப்பதால் வாய் மூடி வருகின்றனர். 'பைய வா' என்றால் சிரிக்கிறார்களாம். 'பைய' என்பது திருக்குறளில் உள்ள சொல். 'பறைதல்' என்பதும் பழந்தமிழே. இத்தகைய வட்டாரச் சொற்களைத் தொல்காப்பியர் திசைச்சொல் என்று நால்வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்து மதித்தார். நகைக்கப்பட்ட அதே பேச்சில் எழுதிய மாதவனுக்கு 2015இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. நீல. பத்மநாபன் 2007இலேயே அதனைப் பெற்றிருந்தார்.

இவ்வாண்டு விழாவில் சிறுவர் நடிக்கும் நாடகத்திற்கு முதலில் செந்தமிழில் வசனம் எழுதப்பட்டது. ஒத்திகையில் பாட்டி வேடமிட்ட சிறுமிக்கு அது மனத்தில் பதியவேயில்லை. 'பேரப்பிள்ளாய், நீர் அருந்தினாயா?' என்ற இடத்தில் ஒவ்வொரு நாளும் தடுமாறினாள். பெரியோர் சிலர் தயங்கியும், அவ்வரியை மட்டும் அவள் ஆச்சி சொல்லும் வண்ணமே மாற்றி எழுதினோம். மறுநாள் அவள் தாளைப் பார்க்காமலே சொன்னாள். அதன்பின் மற்ற வரிகளையும் மாற்றித் தரும்படி தானே கேட்டாள். நான்கு பக்கம் மாற்றியாயிற்று. இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது.