ஊர் கூடி இழுக்கும் தேர்
பினாங்கின் கல்வி, பயிற்சி வரலாற்றில் கூட்டுப் பொறுப்பு

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. பினாங்கு வாழ் தமிழர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. தைப்பூசத்திற்கு முன்னாள் வெள்ளி ரதம் ஜோர்ஜ்டவுன் வீதிகளில் பவனி வருகையில் வழியை ஒழுங்குபடுத்துவோர் ஒருபுறம், தண்ணீர்ப் பந்தல் அமைப்போர் ஒருபுறம், தேங்காய் உடைப்போர் ஒருபுறம், உடைந்த சிதறல்களைக் கூட்டி அள்ளுவோர் ஒருபுறம் எனப் பல்லாயிரவர் பங்கேற்கின்றனர். எவர் எதைச் செய்வது என்னும் ஐயம் அங்கு எழுவதில்லை. அவரவர் பங்கு அவரவர்க்குத் தெரியும்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் தொழிற்பயிற்சியிலும் இத்தகைய தெளிவு இருந்ததா? இருந்தபோது என்ன விளைந்தது? இல்லாதபோது எதனை இழந்தோம்? பினாங்கின் இருநூறு ஆண்டு வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகின்றது.

முதல் தமிழ் வகுப்பு

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கால் பதித்த முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1816 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்னின்று உழைத்தவர் ரெவரெண்டு ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். அப்பள்ளியின் ஒரு பகுதியாகவே இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பும் நடத்தப்பெற்றது. 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டினை நாம் கொண்டாடியது அவ்வகுப்பினை நினைவிற் கொண்டேயாகும்.

எனினும் அத்தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. பள்ளி இருந்தது, நல்லெண்ணமும் இருந்தது. அதனைத் தம்முடையது எனக் கருதித் தாங்கும் சமூகமோ அன்று உருப்பெறவில்லை. தமிழர் பலர் கடல் கடந்து வந்து, பொருள் ஈட்டித் திரும்பும் எண்ணத்தினர். ஒரு தரப்பு மட்டும் தாங்கிய விளக்கு விரைவில் அணைந்தது.

சட்டம் எழுப்பிய பள்ளிகள்

அடுத்த நூறாண்டுகளில் காட்சி மாறியது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் நிலைத்தன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி அமைப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என விதித்தது.

இச்சட்டத்தால் நூற்றுக்கணக்கான தமிழ்ப்பள்ளிகள் தோன்றின என்பது உண்மை. நன்றியுடன் நினைக்க வேண்டிய செய்தியே அது. ஆயினும் கடமை விதிக்கப்பட்ட தோட்டத் துரைக்குப் பிள்ளைகள் படித்து உயர்வதால் ஆதாயம் ஏதுமில்லை. படித்தவன் பால்மரம் வெட்ட மாட்டான் என்னும் அச்சமே அவருக்கு மிகுந்திருந்தது. ஆதலின் பல இடங்களில் சட்டத்திற்காக ஒரு கொட்டகை எழுந்தது. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியரானார். பொறுப்பை ஒருவர் தலையில் சுமத்தியோர், அவரது விருப்பத்தைப் பெற மறந்தனர். பெற்றோரையோ கேட்பாரே இல்லை.

நாடு விடுதலை பெறும் தறுவாயில் 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும், அதனைத் தொடர்ந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்பினுள் கொணர்ந்தன. பாடத்திட்டம் பொதுவாயிற்று, ஆசிரியர் ஊதியம் அரசின் பொறுப்பாயிற்று. நிலம் அரசினுடையதாயின் முழு உதவிப் பள்ளி. தோட்டத்திற்கோ, ஆலயத்திற்கோ, சங்கத்திற்கோ உரியதாயின் பகுதி உதவிப் பள்ளி என்னும் பாகுபாடு நிலைபெற்றது. பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், அரசு எனும் மூவர் கூட்டாக நடத்தும் முறை இது. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகள் இன்றளவும் நிற்பதற்கு இம்மூவரும் காரணர் என்றால் மிகையாகாது.

ஒழுகிய கூரை

கூட்டு என்று பெயர் இருப்பதால் மட்டும் கூட்டு நிகழ்ந்துவிடுவதில்லை. இதனை நான் சிறுவனாகவே கண்டேன்.

நான் பயின்றது ஒரு பகுதி உதவித் தமிழ்ப்பள்ளி. மூன்றாம் ஆண்டில் பயின்றபோது எங்கள் வகுப்பறைக் கூரை ஒழுகத் தொடங்கியது. மழை வந்தால் மேசைகளை ஒரு மூலைக்கு நகர்த்திவிட்டு அடுத்த வகுப்பினரோடு நெருக்கி அமர்வோம். ஒழுகும் இடத்தில் தலைமையாசிரியர் ஒரு வாளியை வைத்தார். பள்ளி வாரியம் அரசு அலுவலகத்திற்கு எழுதியது. நிலம் அரசினுடையதன்று என விடை வந்தது. நில உடைமையாளரை நாடியபோது கல்வி அரசின் கடமை என்றார். பெற்றோர் பணம் திரட்ட முன்வந்தபோது, உரிய அனுமதியின்றிக் கட்டடத்தில் கைவைக்கலாகாது எனப்பட்டது. நான் ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறிய நாளிலும் அவ்வாளி அங்கேயே இருந்தது.

பின்னாளில் அரசுப் பணியில் சேர்ந்து, மேசையின் இப்புறம் அமர்ந்தபோது எனக்கு ஓர் உண்மை விளங்கியது. அக்கடிதங்களை எழுதியவர் எவரும் தீயவர் அல்லர். அவரவர் விதிமுறைப்படி ஒவ்வொருவரும் சரியாகவே எழுதினர். அத்தகைய கடிதங்களில் நானும் கையொப்பமிட்டதுண்டு, அதனை மறைப்பதற்கில்லை. அம்மூவரையும் ஒரே மேசையைச் சுற்றி ஒரு முற்பகல் அமர்த்துவார் ஒருவர் இருந்திருப்பின், ஓடு மாற்ற ஒரு வாரம் போதுமானதாய் இருந்திருக்கும்.

பாயான் லெப்பாஸ் கண்ட வழி

அவ்வாறு ஒரே மேசையில் அமர்ந்ததால் விளைந்த வெற்றி ஒன்று நம் தீவிலேயே உண்டு. அதனை நம் மக்கள் போதிய அளவு அறிந்திலர்.

1969ஆம் ஆண்டு பினாங்கிற்குச் சோதனையான காலம். தீவின் சுதந்திரத் துறைமுகத் தகுதி மீட்டுக்கொள்ளப்பட்டது. வணிகம் தளர்ந்தது, வேலையின்மை பெருகியது. அவ்வாண்டு முதலமைச்சராகப் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் இயூ தொழில்மயமே வழியெனத் துணிந்தார். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் பொது நிர்வாகியாகப் பல்லாண்டு பணியாற்றிய செட் சிங், அரசு அலுவலர் ஒருவர் எத்துணை சாதிக்கவியலும் என்பதற்குச் சான்றாவார். 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வாணிப வலயம் அமைந்தது. இன்டெல், ஹியூலட் பேக்கர்ட், ஹித்தாச்சி, ராபர்ட் போஷ் முதலிய எட்டு நிறுவனங்கள் தொடக்கத்தில் வந்தன.

1985ஆம் ஆண்டின் பொருளாதார மந்தத்தில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. மந்தம் நீங்கியபோது தொழிற்சாலைகளின் தன்மையே மாறியிருந்தது. கையால் செய்த பணிகளைத் தானியங்கி இயந்திரங்கள் மேற்கொண்டன. அவற்றை இயக்கவும் பழுது நீக்கவும் திறன் பெற்றோர் போதவில்லை. ஒரு நிறுவனம் பயிற்றுவித்தவரை அடுத்த நிறுவனம் கூடுதல் ஊதியம் தந்து அழைத்துக்கொண்டது. பயிற்றுவித்தவன் ஏமாளி என்னும் நிலை வந்தால் எவர் பயிற்சி அளிப்பர்?

இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வே 1989இல் அமைந்த பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம். அரசும், தொழில்துறையும், கல்வித் துறையும் இணைந்து நடத்தும் இத்தகைய பயிற்சி மையம் இந்நாட்டில் இதுவே முதலாவது.

அதன் பங்கீடு எளியது. மாநில அரசு இடமும் தொடக்க ஆதரவும் தந்தது. நிறுவனங்கள் உறுப்பினர் கட்டணம் செலுத்தியதோடு இயந்திரங்களையும், தத்தம் அனுபவமிக்க பயிற்றுநர்களையும் வழங்கின. அறிவியல் பல்கலைக்கழகம் தன் அறிவாற்றலைத் துணையாக்கியது. நிர்வாகத்தை முன்னின்று நடத்தும் உரிமை தொழில்துறையினர்க்கே தரப்பட்டது. எந்தப் பயிற்சி தேவை என்பதைப் பயிற்சி பெற்றவரை வேலைக்கு அமர்த்தவிருப்போரே கூறினர். சந்தையில் போட்டியிடும் நிறுவனங்கள் வகுப்பறைச் செலவை மட்டும் பகிர்ந்துகொண்டன. தனித்துப் பயிற்சிக்கூடம் அமைக்க வசதியற்ற சிறு பட்டறைகளும் பயன்பெற்றன.

1992ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டம் இதற்கு வலுவூட்டியது. நிறுவனங்கள் ஊதியத் தொகையில் ஒரு விழுக்காட்டை நிதியில் செலுத்திவிட்டு, தம் ஊழியரைப் பயிற்றுவித்தால் அதிலிருந்து செலவினை மீட்டுக்கொள்ளும் முறை ஏற்பட்டது. பினாங்கின் வழியைப் பின்பற்றிப் பிற மாநிலங்களிலும் இத்தகைய மையங்கள் எழுந்தன.

உலகில் இக்கருத்து புதியதன்று. ஜெர்மனியில் தொழில் பயிலும் இளைஞர், வாரத்தில் சில நாள் தொழிற்சாலையிலும் சில நாள் தொழிற்பள்ளியிலும் கற்பர். அவர்தம் தேர்வினை வணிகக் கழகங்கள் நடத்தும். அங்கும் பங்கு பிரிக்கப்பட்டிருத்தலே வெற்றியின் அடிப்படை.

ஆலயத்திற்கு உரிய பங்கு

இவ்வரலாற்றில் ஆலயத்திற்கு இடமுண்டா என அன்பர்கள் வினவலாம். உண்டு. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் அதற்குச் சான்று. பல்கலைக்கழக மாணவர்கள் தம் ஓய்வு நேரத்தைத் தந்தனர். ஆலயங்களும் பள்ளிகளும் இடம் தந்தன. பெற்றோர் பிள்ளைகளைத் தவறாது அனுப்பினர். பெருஞ்செல்வம் இன்றியே ஆயிரமாயிரம் பிள்ளைகள் தேர்வுகளுக்கு ஆயத்தமாயினர்.

மற்றொன்றையும் கூற விரும்புகிறேன். என் உறவினர் மகன் ஒருவன் எஸ்.பி.எம். தேர்வு முடித்து இரண்டாண்டுகள் உணவகங்களில் சில்லறை வேலைகள் பார்த்து வந்தான். தொழிற்பேட்டையின் வாயிலை நாள்தோறும் கடந்து செல்வான். உள்ளே செல்லும் வழி அவனுக்குத் தெரியாது. ஒரு திருவிழாவின்போது அன்னதானத்தில் சோறு பரிமாற நின்றான். அருகில் சாம்பார் வாளியோடு நின்றவர் தொழிற்சாலைப் பொறியாளர். பரிமாறிக்கொண்டே பேசினர். மறுவாரம் அவர் அவனை ஒரு பயிற்சி நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். இன்று அவன் இயந்திரப் பராமரிப்புத் தொழில்நுட்பராகப் பணிபுரிகிறான். அவன் தாயார் சொன்னது என் நெஞ்சில் நிற்கிறது: "பத்து வருஷமா அந்த ஐயாவைக் கோயில்ல பார்க்கிறேன். என்ன வேலை செய்யறாருன்னு ஒரு நாளும் கேட்டதில்லை."

வழி தேடும் பிள்ளையும் வழி அறிந்தவரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். அவர்களை அறிமுகப்படுத்தும் பணியைத் தற்செயலுக்கு விட்டுவிட்டோம். ஆலயத்தில் ஒரு பதிவேடு வைத்து, உதவ விரும்பும் பொறியாளர், ஆசிரியர், தாதியர், அலுவலர் ஆகியோர் பெயர்களை அவர்தம் ஒப்புதலோடு எழுதலாம். எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும் ஒரு ஞாயிறன்று மண்டபத்தைத் திறந்து, பயிற்சி நிலையத்தார், தலைமையாசிரியர், பெற்றோர், பிள்ளைகள் அனைவரையும் ஒருங்கே அமர்த்தலாம். செலவு அரிதினும் அரிது. தேநீருக்கும் பலகாரத்திற்கும் உபயதாரர் நம்மிடையே உளர்.

ஒன்றினை மட்டும் மறத்தலாகாது. மாலை அணிவித்து நிழற்படம் எடுத்துக்கொள்வதோடு முடியும் கூட்டுகள் பலவற்றை நாம் கண்டுள்ளோம். எவர் எதைத் தருவது, எவர் கணக்குக் காட்டுவது, அடுத்த ஆண்டும் எவர் கவனித்துக்கொள்வது என்னும் மூன்றினையும் முதற் கூட்டத்திலேயே எழுத்தில் வரைந்துகொள்ளுதல் வேண்டும். என் பள்ளிக் கூரைக்கு அவ்வெழுத்து இல்லாது போயிற்று. நம் பிள்ளைகளுக்கு அது இருத்தல் வேண்டும்.

அடுத்த திருவிழாவில் பரிமாற நிற்கும்போது, அருகில் நிற்பவரை, "என்ன பணி செய்கிறீர்கள், ஐயா?" என்று கேட்பதிலிருந்து இதனைத் தொடங்குவோமாக.