தாய்ப்பலகையும் வாங்குவோர் உரிமையும்

கணினியைத் தாமே பூட்டிக்கொள்ள விரும்புவோர் கடையில் முதலில் கேட்பது செயலியின் பெயரையே. அதன் விரைவையும் விலையையும் ஆராய்ந்த பின்னரே தாய்ப்பலகையின் நினைவு வருகின்றது. எஞ்சிய பணத்திற்குக் கிடைத்ததை வாங்கிச் செல்வாரும் உளர். ஆயின், பின்னாளில் எவ்வுறுப்பை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று வரையறுப்பது அப்பலகையே. அதைத் தெரிந்தெடுக்கும் உரிமை வாங்குவோர் கைக்கு வந்த வரலாறு நெடியதன்று; எனினும் போராட்டம் நிறைந்தது.

சிறு பலகைகள் வந்து பொருந்துவதற்கு இடமளிக்கும் பெரும்பலகை தாய் எனப்பட்டது. அதில் பொருந்தும் சிறு பலகையை ஆங்கிலத்தார் மகள் என்பர். மூல ஆவணத்தைத் தாய்ப்பத்திரம் என்று வழங்கும் தமிழர்க்கு இப்பெயர் அயலாகத் தோன்றாது.

1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் பொறியில் செயலியும் ஓர் அட்டையே. நூறு முனைகள் கொண்ட செருகுவாய்களில் செயலி, நினைவகம் முதலிய யாவும் தனித்தனி அட்டைகளாக நின்றன. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் செயலியும் நினைவகமும் ஒரே பலகையில் அமர்ந்தன. புதிய அட்டைகளுக்கென எட்டுச் செருகுவாய்கள் விடப்பட்டன.

1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனியாள் கணினியை அறிவித்தது. இன்டெல் 8088 செயலி, 4.77 மெகாஹெர்ட்ஸ் விரைவு, ஐந்து செருகுவாய்கள். இவற்றில் வியப்பதற்கு ஏதுமில்லை. பலகையின் மின்சுற்று வரைபடத்தையும், பயாஸ் என்னும் அடிப்படை நிரலின் முழு வரிகளையும் நூலாக அச்சிட்டு விற்றதே அந்நிறுவனம் செய்த பெருஞ்செயல். பிறர் தன் கணினிக்கு அட்டைகள் செய்யவேண்டும் என்பது அதன் நோக்கம். பிறர் கணினியையே செய்வர் என்பதை அது எதிர்நோக்கியதாகத் தெரியவில்லை. சில்லுகள் கடையில் கிடைத்தன; பயாஸ் ஒன்றே பதிப்புரிமைக் காவலில் இருந்தது. காம்பாக் நிறுவனம் அதன் வரிகளைப் பாராமல், அது செய்யும் வேலையை மட்டும் அறிந்து புதிதாக ஒன்றை எழுதுவித்து, 1983இல் ஒத்தியங்கும் கணினியை விற்றது. அடுத்த ஆண்டு பீனிக்ஸ் நிறுவனம் தான் எழுதிய பயாஸை வேண்டுவோர்க்கெல்லாம் உரிமம் கொடுத்து வழங்கியது. அன்றுதொட்டுத் தாய்ப்பலகை தனியே விற்கப்படும் சரக்காயிற்று எனலாம்.

திறந்த கதவை மூட ஐ.பி.எம். முயலாமல் இல்லை. 1987இல் பி.எஸ்./2 என்னும் வரிசையில் மைக்ரோ சானல் என்ற புதிய செருகுவாயைப் புகுத்தி, அதைப் பயன்படுத்துவோர் உரிமைத் தொகை செலுத்துமாறு செய்தது. அடுத்த ஆண்டே காம்பாக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் கூடி ஈசா என்ற மாற்று முறையை அறிவித்தன. அம்மாற்று இல்லங்களில் பரவவில்லை. ஆயினும் பழைய பொதுமுறை பிழைத்தது. தைவானில் ஜிகாபைட், எம்.எஸ்.ஐ., ஏசுஸ் முதலிய நிறுவனங்கள் 1986க்கும் 1989க்கும் இடையில் தோன்றிப் பலகைத் தொழிலைத் தமதாக்கிக்கொண்டன.

1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவை வகுத்தது. (அந்நிறுவனம் 1972 முதல் பினாங்கில் தொழிற்சாலை நடத்திவருவது மலேசியர் அறிந்ததே.) நீளம் 305, அகலம் 244 மில்லிமீட்டர். திருகுத் துளைகளின் இடம் இன்றும் பெரும்பாலும் மாறவில்லை. பெட்டியை ஒருமுறை வாங்கிப் பலகையைப் பன்முறை மாற்றலாம் என்ற நிலை இதனால் உண்டாயிற்று.

அதே காலத்தில் சாக்கெட் 7 என்ற பொருத்துவாய் வழங்கியது. இன்டெல்லின் பென்டியம், ஏ.எம்.டி.யின் கே6, சைரிக்ஸின் 6எக்ஸ்86 ஆகிய மூன்றும் அதில் அமர்ந்தன. போட்டியாளர் மூவரின் செயலிகள் ஒரே பலகையில் பொருந்திய காலம் மீண்டும் வரவில்லை. 1997இல் பென்டியம் 2 செயலியை இன்டெல் தனக்கே உரிய ஸ்லாட் 1 இல் அமைத்தது. 1999இல் ஏ.எம்.டி. ஸ்லாட் ஏ என்பதைக் கொணர்ந்தது. இணைப்பானின் வடிவம் ஒத்திருந்தும் மின்முறை வேறு. பலகையைத் தெரிந்தெடுப்பது அன்றுமுதல் ஒரு கட்சியைத் தெரிந்தெடுப்பதாயிற்று.

அக்காலத்தில் நினைவகத்தை ஆளும் சில்லு பலகையில் இருந்தமையால், ஒரே செயலி ஒரு பலகையில் விரைந்தும் மற்றொன்றில் மெலிந்தும் ஓடியது. அவ்வேலையை ஏ.எம்.டி. 2003இலும் இன்டெல் 2008இலும் செயலிக்குள் கொண்டுசென்றன. இன்று விலையுயர்ந்த பலகை வேகத்தைப் பெரிதும் கூட்டிவிடாது. செயலிக்கு மின்சாரம் ஊட்டும் சுற்றின் வலிமை, செருகுவாய்களின் எண்ணிக்கை, நினைவகத்தின் வகை ஆகியவற்றிலேயே வேறுபாடு உண்டு. டி.டி.ஆர்.4 பலகையில் டி.டி.ஆர்.5 நினைவகம் ஏறாது என்பதை மறந்து வருந்தினோர் பலர்.

பொருத்துவாய் ஒன்றாயினும் உறவு உறுதியன்று. 2017 இறுதியில் வந்த இன்டெல் செயலிகள் 2015இன் எல்.ஜி.ஏ. 1151 வடிவிலேயே இருந்தும், பழைய பலகைகளில் அவற்றை நிறுவனம் ஆதரிக்கவில்லை. ஏ.எம்.டி.யும் இவ்வழியை நாடிற்று. 2020 மே மாதத்தில், அடுத்து வரும் செயலிகள் ஏ.எம்.4 வகையின் 400 வரிசைப் பலகைகளில் இயங்கா என அறிவித்தது. பயாஸ் சில்லில் இடம் போதாமை காரணமாகக் கூறப்பட்டது. வாங்கியோர் கொதித்தெழுந்தனர், இரு வாரங்களுக்குள் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2022இல் 300 வரிசைப் பலகைகளுக்கும் வழி திறந்தது. 2017இல் அத்தகைய பலகையை வாங்கியவர், அதைச் செய்த நிறுவனம் புதிய பயாஸை வெளியிட்டிருப்பின், ஐந்தாண்டு கழித்து வந்த செயலியையும் அதிலேயே பூட்டிக்கொள்ள முடிந்தது.