ஆறுதலாகக் கேட்க வேண்டிய ஓர் அல்பம்

பிங்க் ஃபுளொயிட் எண்டால் முதலில் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அதற்கு அடுத்து, 1975 செப்ரெம்பரில் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' எங்களுக்குப் பிடிபடக் கனகாலம் எடுத்தது. மொத்தம் ஐந்தே ஐந்து தடங்கள். முதலாவதில் பாடுகிற குரல் வரவே எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகிய காதுக்கு இது சோதனைதான். நாங்கள் தலைப்புப் பாட்டுக்குள்ளால்தான் மெல்ல மெல்ல மிச்சத்துக்குப் போனோம்.

அந்தக் காத்திருப்பு ஏன் எண்டு விளங்க, வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேணும்.

1973 இல் வந்த வெற்றிக்குப் பிறகு இசைக்குழு களைத்துப்போயிருந்தது. வீட்டுப் பொருட்களை மட்டும் வைத்து ஒரு அல்பம் செய்யத் தொடங்கி, அதையும் இடையில் கைவிட்டார்கள். அதில் மிஞ்சிய வைன் கிளாஸ்களின் ஓசைதான் இந்த அல்பத்தின் தொடக்கத்தில் கேட்கிறது. பிறகு டேவிட் கில்மோரின் கிற்றாரில் பிறந்த நான்கு சுரங்கள். அவற்றிலிருந்து 'ஷைன் ஓன் யூ கிரேசி டயமண்ட்' வளர்ந்தது. றோஜர் வோட்டர்ஸ் அதை இரண்டாக வெட்டி, அல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்து, நடுவில் புதுப் பாட்டுக்களைப் போடலாம் எண்டார். கில்மோருக்கு அது உடன்பாடில்லை. கடைசியில் வோட்டர்ஸின் யோசனைதான் நின்றது. அதனால் தடங்களை மாற்றி மாற்றிக் கேட்டால் இந்த அல்பம் உடைந்துபோகும்.

அந்தப் பாட்டு சிட் பரட்டைப் பற்றியது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1967 இல் வந்த முதல் அல்பத்தின் பெரும்பாலான பாட்டுக்களை எழுதியவர். மனநிலை குலைந்து 1968 இல் வெளியேறினார். 1975 யூனில், ஒலிப்பதிவு நடந்த லண்டன் அபி றோட் ஸ்ரூடியோவுக்கு அவரே வந்து நின்றார். உடம்பு பெருத்து, தலையும் புருவமும் மழித்திருந்தது. கூட வாசித்தவர்களுக்கே முதலில் ஆளை அடையாளம் தெரியவில்லை. எந்த மனிதர் இல்லை எண்டு பாடினார்களோ, அவர் அறைக்குள்ளேயே இருந்தார்.

இல்லாமை அட்டைப்படத்திலும் இருக்கிறது. கைகுலுக்கும் இரண்டு வியாபாரிகளில் ஒருவர் தீப்பற்றி எரிகிறார். அந்தப் படத்தையும் கறுப்புப் பிளாஸ்ரிக் உறையால் மூடித்தான் விற்றார்கள். வந்த புதிதில் சில விமர்சகர்களுக்கு இது உணர்ச்சியற்ற அல்பமாகப் பட்டது. பின்னாளில் 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை தன்னுடைய தலைசிறந்த 500 அல்பங்களில் இதையும் சேர்த்தது. ஆக, ஆறுதலாகக் காது பழகியது எங்களுக்கு மட்டுமில்லை.

ஒரு கேள்வி மட்டும் எங்களுக்கு இன்னும் நெருடும். நடுவில் உள்ள பாட்டுக்கள் இசை வியாபாரத்தைச் சாடுகின்றன. ஆனால் அல்பமோ பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது. நொந்துபோன ஒரு நண்பரின் கதையும் சரக்காகிவிட்டதா? ஆகிவிட்டதுதான். ஆனாலும் அந்தத் துக்கம் பொய்யில்லை எண்டே நாங்கள் நினைக்கிறோம்.

கடைசித் தடம் மங்கி முடிகிற இடத்தில் றிச்சர்ட் றைட் கீபோர்ட்டில் ஒரு சின்ன மெட்டை வாசிக்கிறார். பரட் எழுதி 1967 இல் வெளிவந்த 'சீ எமிலி பிளே' பாட்டின் மெட்டு அது. பாட்டு முடிஞ்சுது எண்டு கெதியாய் நிறுத்துகிறவருக்கு அது கேட்காது. கடைசி வரைக்கும் இருப்பவருக்கு, பரட் அங்கே ஒருக்கால் வந்து போவார்.