பழுது பார்த்தவரின் மேஜை

பழுது பார்ப்பவனுக்கு உலகம் எப்போதும் இரண்டாம் பந்தியில்தான் இலை போடுகிறது. வாத்தியத்தை வாசிப்பவருக்கு மாலை, செய்தவருக்குப் பெயர், கெட்டுப் போனதைச் சீர் செய்து கொடுப்பவருக்குக் கூலி, அதுவும் பேரம் பேசிய பிறகு. கிதாரின் சரித்திரத்தில் மட்டும் இந்தப் பந்தி ஒரு தடவை மாறிப் போயிற்று.

முந்தைய கிதார்களில் பெரும்பாலும் கழுத்தை உடலோடு பசை வைத்து ஒட்டிவிடுவார்கள். உருக்குக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 50 கிலோ அளவுக்கு இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். நாளடைவில் கழுத்து வளையும், கம்பிகள் மெட்டுகளை விட்டு மேலே போய்விடும், வாசிப்பவரின் விரல் நோகும், சுருதி பிசகும். கழுத்தைக் கழற்ற வேண்டுமானால் நீராவி காட்டிப் பசையை இளக்க வேண்டும். பிறகு மறுபடி ஒட்டி, இறுக்கிக் கட்டி, காயவிட வேண்டும். அதற்கு ஒரு பட்டறையும், தேர்ந்த கையும், நிறையப் பொறுமையும் வேண்டும். இரவு கச்சேரி செய்துதான் மறுநாள் சாப்பாடு என்றிருப்பவன் அத்தனை நாள் என்ன செய்வான்?

இதை யோசித்தவர் சங்கீத வித்வான் அல்லர். லியோ பெண்டர் 1909-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். படித்தது கணக்கு வேலைக்கு; பொருளாதார மந்தத்தில் அந்த வேலையும் போயிற்று. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, புல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தார். ரேடியோவோடு ஒலிபெருக்கிகளும் மின்சார வாத்தியங்களும் அவர் மேஜைக்கு வந்தன. கிதார் வாசிக்க அவர் கடைசி வரையில் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அது எங்கெங்கே கெடும் என்பது அவருக்குப் பாடமாகிவிட்டது.

1950-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிதாரின் உடல் ஒரு கட்டைப் பலகை. கழுத்தை அதில் நான்கு திருகாணிகளால் முடுக்கியிருந்தார். திருகாணி யோசனையை 1930-களிலேயே வேறு சிலர் செய்து பார்த்ததுண்டு. அதை ஊரறிந்த வழக்கமாக்கியவர் பெண்டர்தான். போட்டிக் கம்பெனிக்காரர்கள் அதைப் படகுத் துடுப்பு என்று கேலி செய்தார்களாம். உரமான மேப்பிள் மரக் கழுத்துக்கு உள்ளே இரும்புத் தண்டு தேவையில்லை என்று முதலில் அவர் நினைத்தார். கழுத்துகள் வளைகின்றன என்று தெரிந்ததும், அந்த வருஷம் முடிவதற்குள் தண்டையும் வைத்துவிட்டார். பழுது பார்த்துப் பழகியவருக்குத் தம் கைவேலையிலும் பழுதை ஒப்புக்கொள்வது சிரமமாயிருக்கவில்லை போலும்!

இன்று இந்த வகைக் கிதாரைச் சீர் செய்ய ஒரு சிறிய மேஜை போதும். கழுத்தைத் தாங்க மெத்தை வைத்த ஒரு கட்டை, எஃகு அளவுகோல், இரண்டு மூன்று திருப்புளிகள், அரம், ஈயப்பற்று வைக்கும் கோல். தண்டைச் சற்று முடுக்கினால் கழுத்து நிமிர்கிறது. கம்பியைத் தாங்கும் பாலத்தில் உள்ள திருகைத் திருப்பினால் கம்பியின் உயரம் சரியாகிறது. கழுத்தே வீணாகிவிட்டால், நான்கு திருகாணிகளைக் கழற்றி வேறு கழுத்தை மாட்டிவிடலாம். பட்டறை முழுவதும் ஒரு மேஜைக்குள் அடங்கிவிட்டது. அந்த மேஜையின் முன்னால் பல வருஷம் உட்கார்ந்திருந்த ஒருவர் வாத்தியத்தைச் செய்ததால்தான் அடங்கியது.

உடல்நலம் குன்றி, 1965-ல் பெண்டர் தம் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். நம்மில் ஒருவராயிருந்தால் திண்ணையில் சாய்ந்திருப்போம். அவரோ உடம்பு தேறியதும் மறுபடி பட்டறைக்குப் போனார். 1991 மார்ச் 21-ந் தேதி காலமானார்; அதற்கு முதல் நாள் வரை வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.